சாமி வராத வளைவு

பிரேக் லைனர் கருகும் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. ரப்பர் எரிகிற வாசனையும் இல்லை, இரும்பு காய்கிற வாசனையும் இல்லை. வெண்கலப் பானையில் சோறு அடிப்பிடித்துக் காந்தினால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. மலைப் பஸ்ஸில் போய்வந்து பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இறக்கத்தில் எந்த வண்டிக்கும் கொஞ்சம் வரும். இப்போது எனக்குக் கண்ணமங்கலத்திலேயே வேலை. கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு லாரி அழுத்திப் பிரேக் போட்டு நின்றால், என் கை அப்படியே நின்றுவிடுகிறது. நெஞ்சு ஒருமுறை ஓங்கி அடிக்கிறது. அதற்கப்புறம்தான் ‘அட, லாரி’ என்று மூளை சொல்கிறது. உடம்பு முந்திக்கொள்ளும், யோசனை பின்னால் வரும் என்று நர்ஸ் படிப்பில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். அதைக் கண்ணால் பார்த்தது ஒரு டிரைவரின் கைகளில்.

ஜவ்வாது மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். காலையில் கண்ணமங்கலத்திலிருந்து அமிர்திக்கு வந்து, அங்கிருந்து மலை ஏறும் தனியார் பஸ்ஸைப் பிடிப்பேன். சாயங்காலம் அதே பஸ்ஸில் இறங்குவேன். தடுப்பூசிப் பெட்டி மடியில், சாப்பாட்டுப் பை காலடியில். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் கண்டக்டரே எழுப்பிவிடுவார். டிரைவர் சந்தவாசல்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனுஷன். சண்டைக்காரர் என்று சொல்லமாட்டேன், சண்டையை ரசிக்கத் தெரிந்தவர். ரோட்டின் நடுவில் நிற்கிற பசுமாட்டிடம்கூட “இன்னாம்மா, வூட்டுக்குப் போவ வழி தெரியலியா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குவார். தினமும் என்னிடம் ஏதாவது வம்பு இழுப்பார். “நர்ஸம்மா, ஊசி போட வர்றீங்கன்னு தெரிஞ்சா கொயந்தைங்கல்லாம் காட்டுக்குள்ள ஓடிப்போவுது. நான்தான் துரோகி மாதிரி ஒங்கள இட்டாந்து எறக்கி வுடறேன்” என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. “ஒங்களுக்கும் ஒரு ஊசி பாக்கி இருக்கு, எறங்குங்க போட்டுடறேன்” என்பேன். பஸ் சிரிக்கும். அந்த மலை ரூட்டில்தான் அவர் டிரைவராக ஆனார். அதிலேயே இருபது வருஷத்துக்குமேல் ஓட்டினார். வேறு ரூட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதே இல்லை.

அது புளி உலுக்கும் காலம். சந்தை நாள் வேறு. மேலே கூரை முழுக்கப் புளி மூட்டை, உள்ளே சாமை மூட்டை, மூட்டைக்கு நடுவில் மனிதர்கள். இறங்கும்போது வழக்கமான வாசனை வந்தது; வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. டிரைவர் யாரையோ பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் நிறுத்தினார். பிரேக்கை மிதித்த அவருடைய வலது கால் தரை வரைக்கும் போய்வந்ததை நான் பார்த்தேன். மறுபடியும் மிதித்தார், மறுபடியும் தரை வரைக்கும் போனது. “எல்லாம் கீய ஒக்காருங்க! கம்பிய வுடாதீங்க!” என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டார். கியரைக் குறைக்கும்போது வண்டி அலறியது. ஒருபக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து கிடந்த இடமாகப் பார்த்து, இடதுபக்கத்தை மலையோடு தேய்த்துக்கொண்டே போய் வண்டியைச் சொருகினார். கண்ணாடி உடைந்தது. புளி மூட்டைகள் உருண்டன. பஸ் நின்றது. நாங்கள் எல்லாரும் உயிரோடு இருந்தோம். அவ்வளவுதான் நடந்தது, ஒரு குழந்தை தும்மி முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் இன்றைக்கு நினைத்தால் அவர் காதோரம் வழிந்த வியர்வை உட்பட எனக்கு நிதானமாக ஓடுகிறது.

அதற்கப்புறம் நான் பார்த்ததுதான் வேடிக்கை. ஒரே பஸ், ஒரே ஆபத்து. ஆளுக்கு ஒரு மாதிரி உடம்பு பேசியது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. ஆபத்து என்று தெரிந்த நொடியில் உடம்பு கைக்கும் தொடைக்கும் ரத்தத்தை அனுப்பி வைத்துவிட்டு, வயிற்றைப் பார்த்து ‘உன் வேலை அப்புறம்’ என்று சொல்லிவிடுகிறது. அதனால் ஒருத்தர் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கட்டுமஸ்தான ஓர் ஆள் வேட்டி நனைந்ததைத் துண்டால் மறைத்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நிறுத்தச் சொன்னால் அழுதாள், பிறகு மறுபடியும் சிரித்தாள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, அன்றிலிருந்து பால் சுரக்கவில்லை என்று இரண்டு நாளில் என்னிடம் ஓடிவந்தாள். பால் எங்கும் போகவில்லை, மனசு அடங்கினால் தானாக இறங்கும், பிள்ளையை வாய் வைக்க விடு என்று சொல்லி அனுப்பினேன், இறங்கியது. டிரைவரோ எதுவுமே நடக்காத மாதிரி வண்டியைச் சுற்றிவந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், மூட்டையை எண்ணச் சொன்னார். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கினவருக்கு மூடியைத் திருகத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், கை வெடவெடவென்று ஆடியது. “இன்னாடா இது, மூடிய வெல்டிங் பண்ணி வெச்சிக்கிறான்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நானே திறந்து கொடுத்தேன்.

நான் அன்றைக்குக் கெட்டிக்காரியாகத்தான் இருந்தேன். காயத்தைத் துடைத்தேன், கட்டுப் போட்டேன், வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். என் முறை ரெண்டு நாள் கழித்து வந்தது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கையிலிருந்த கரண்டியைச் சுவரில் வீசி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, “ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஊசி போடறவ, விசிலுக்குப் பயப்படறியே” என்று கேலி செய்யப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அழுது தீர்த்தேன். எனக்கு அத்தோடு பெரும்பாலும் ஆறிப்போனது. அழுவதற்கு எனக்கு ஒரு சமையலறை இருந்தது, கேள்வி கேட்காமல் உட்கார ஓர் ஆள் இருந்தார். டிரைவருக்குக் கிடைத்தது மாலை மரியாதை.

உயிர் பிழைத்த இடத்தைச் சும்மா விடும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. புளி மூட்டையோடு அன்று வந்த மலைக்காரர் ஒருவர், சாமை பயிர் வைக்கிறவர், ஆற்றிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அந்த வளைவில் நட்டு மஞ்சள் பூசிவிட்டார். அடுத்த வாரமே குங்குமம், பூ. வண்டி இறங்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நின்று சூடம் காட்டிவிட்டுப் போவது என்று ஆனது. அதையும் யார் கையால்? “டிரைவரே, ஒன் கைதான் எங்கள காப்பாத்துச்சி. ஒன் கையாலயே ஏத்து” என்று பிடித்துக்கொண்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவரும் தினம் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார். முதல் கொஞ்ச நாள் அவருக்கே அது பெருமையாக இருந்தது என்று நினைக்கிறேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. மாடு குறுக்கே வந்தால் ஹாரன் மட்டும் அடித்தார். என்னிடம் வம்பு இழுக்கவில்லை. ஒருநாள் “நர்ஸம்மா, வாயு மாத்திர ஏதானா குடுங்க. சாப்புட்டது நெஞ்சிலியே நிக்கிது” என்று கேட்டார். கொடுத்தேன். அடுத்த வாரம் கழுத்து வலி என்றார். அதற்கடுத்து, தூக்கம் வரவில்லை என்றார். பிபி பார்த்தேன். மேலே பஸ் கிளம்பும் இடத்தில் காலையில் பார்த்தால் ஒழுங்காக இருந்தது. சாயங்காலம் இறங்கப்போகும் நேரத்தில் பார்த்தால் கருவியே பயந்துபோகும் அளவுக்கு ஏறியிருந்தது. வீட்டில் சின்னச் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார் என்று அவர் வீட்டம்மா, சந்தவாசலிலிருந்து என்னைத் தேடி அமிர்தி வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே உட்கார்ந்து வருகிறவளாயிற்றே, நான் கவனிக்க ஆரம்பித்தேன். ஏறும்போது மனுஷன் நன்றாகத்தான் இருந்தார். இறங்கும்போது, வளைவு வர இன்னும் தூரம் இருக்கும்போதே தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. செங்குத்தான இறக்கத்தில் சூடம் ஏற்றுவதற்காக வண்டியை அழுத்திப் பிடித்து நிறுத்தியதும், அடியிலிருந்து அந்தக் கருகல் வாசனை கிளம்பி நேராக அவர் மூக்குக்கு வந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவர் நிறுத்தியதே கிடையாது, உருண்டு போய்விடுவார். இப்போது சாமி கும்பிடுகிறோம் என்று, அதே இடத்தில், அதே வாசனையை, தினம் ஒரு தடவை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இது மெல்லத்தான் புரிந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்த வாரத்திலேயே அது நடந்தது.

வளைவுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. வழக்கமான இடம் இல்லையே என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். டிரைவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல் முட்டி எல்லாம் வெளுத்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, எங்கேயும் பார்க்கவில்லை. கண்டக்டர் கூப்பிட்டார், தோளைத் தொட்டார், பதில் இல்லை. பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கிப்போனது. அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு பெண், “யம்மாடி, சாமி வந்துட்டுதுடி!” என்றாள்.

அவ்வளவுதான். இருந்தவர்கள் எல்லாம் மளமளவென்று இறங்கினார்கள். டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் சூடம் ஏற்றினார். ஒருத்தி கூந்தலிலிருந்த பூவை எடுத்து ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டாள். “சாமி, மழ எப்ப சாமி வரும்?” என்றது ஒரு குரல். “எம் பொண்ணு ரெண்டு வருசமா புருசன் வூட்டுலேந்து கோச்சிக்கினு வந்து வந்து போவுது, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு சாமி” என்றது இன்னொன்று. உள்ளே நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது, நாடியோ குதிரை மாதிரி ஓடியது. சாமி வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், இது வேறு. அவர் காதருகே குனிந்து, “அண்ணா, நான் நர்ஸம்மா. வண்டி நின்னுடுச்சு. பிரேக் பிடிக்குது. மூச்ச வெளிய விடுங்க, சூடு டீய ஊதறாப்பல மெதுவா ஊதுங்க” என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். நானும் ஊதிக் காட்டினேன். கடைசியில் அவர் உதடு குவிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மடியிலிருந்த பூவை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது இன்னாத்துக்கு?” என்று கேட்டார். நடந்து போகும் ஆளின் வேகத்தில் வண்டியை அமிர்தி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே இறங்கியதும், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் என்னிடம் தனியாகச் சொன்னார்: “நீங்க பேசனது, அவங்க கேட்டது எல்லாம் கேக்குது நர்ஸம்மா. கை மட்டும் என் பேச்ச கேக்கல.”

செய்தி மலை முழுக்கப் பரவியது. மறுநாள் பஸ்ஸுக்கு மாலை வந்தது, அவருக்குத் தேங்காய் பழம் வந்தது. பஸ் முதலாளிக்கும் செய்தி போனது. அவர் கூப்பிட்டு, “சாமி ஏறுற ஆளுகிட்ட மலையில எப்பிடிப்பா வண்டிய குடுக்கறது? அம்பது உசுரு கீது. டாக்டர்கிட்ட நல்லா கீறன்னு எழுதி வாங்கினு வா. இல்லியா, ஷெட்டுல ஒக்காந்து வண்டிங்கள பாத்துக்க” என்று சொல்லிவிட்டார். முதலாளி சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டிரைவர் என்னைப் பார்க்க வந்தபோது, ஒரே நாளில் முகம் சுண்டிப்போயிருந்தது. “ஷெட்டுல ஒக்காந்தா நான் செத்துடுவேன். மலைக்குப் போவாத ஒரு நாளுகூட எனக்கு சோறு எறங்காது” என்றார். பயத்துக்கு வைத்தியம் பார்க்கலாம், டாக்டரம்மாவிடம் போகலாம் என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சாமின்னே இருந்துட்டுப் போவட்டுமே நர்ஸம்மா. சாமி வந்துச்சின்னா கும்புடறானுங்க. பயந்துட்டான்னா இன்னா மதிப்பு கீது? ரெண்டு தல மொறைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சாமின்னா ஷெட்டு. பயம்னா பஸ்ஸு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், ரெண்டு நாள் கழித்து, சவரம் செய்துகொண்டு, ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் வந்து நின்றார்.

டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் நிதானமானவர். நாய் துரத்தின முயலைப் பார்த்திருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். “முடிஞ்சா ஓடும். மாட்டிக்கிட்டா ஒதைக்கும். ரெண்டும் முடியாதுன்னா அசையாம படுத்துக்கும். அது யோசிச்சுப் பண்றதில்ல, மூளையில இருக்கற காவக்காரன் பண்ண வைக்கறான். அன்னிக்கு உங்க காவக்காரன் நல்லா வேலை பாத்தான், அதான் எல்லாரும் உயிரோட இருக்காங்க. இப்ப பிரச்சினை என்னன்னா, அவனுக்கு அந்த வேலை முடிஞ்சதே தெரியல. அந்த வாசனை வந்ததும் திரும்பக் கத்தறான். வாசனை அவன்கிட்ட சீக்கிரம் போய்ச் சேந்துடும்” என்றார். “அப்ப அவன வேலைய வுட்டு நிறுத்தணுமா?” என்று டிரைவர் கேட்டார். “கூடாது. அவன் இல்லாம வண்டி ஓட்டினா பள்ளத்துலதான் போவீங்க. இது வெறும் வாசனை, ஆபத்து இல்லன்னு அவனுக்குப் பொறுமையா காட்டணும்” என்றார் டாக்டரம்மா. வேலூருக்கு அனுப்பி மனநல மருத்துவரையும் பார்க்க வைத்தார். கொஞ்ச நாள் ஸ்டியரிங்கைத் தொடவேண்டாம் என்றார்கள். மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், நடை, மூச்சை நீளமாக வெளியே விடும் பழக்கம். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீண்டால் இதயம் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. அப்புறம் காலி வண்டி, பக்கத்தில் இன்னொரு டிரைவர், முதலில் பாதி மலை, பிறகு முழு மலை. வளைவில் நிற்காமல் போவது. முதலாளியும் பொறுத்துக்கொண்டார். கடைசியில் ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். எழுதிவிட்டு, “ஆனா அந்த இடத்துல வண்டிய நிறுத்தி பூஜை பண்றது இனிமே கூடாது. அத நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும்” என்றார். மாத்திரைக்குக்கூட முகம் சுளிக்காதவர் அதைக் கேட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அவர் திரும்பி வந்த அன்றைக்கு மேலே பஸ் கிளம்பும் இடத்தில் திருவிழாக் கூட்டம். கல்லை நட்ட மலைக்காரர் பெரிய மாலையோடு நின்றார். யாரோ கோழிகூட நேர்ந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், சாவியைப் போட்டார், எடுத்தார். எழுந்து திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. இன்ஜின் ஓடவில்லை, வாசனை இல்லை, இறக்கம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவருடைய காவல்காரன் கத்திக்கொண்டிருந்தான். “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்றார். “எனக்கு சாமி வரல. அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வராது. அது பயம். பிரேக்கு போச்சே, அந்தப் பயம். அந்த வளைவுல வண்டிய நிறுத்தனா அதே நாத்தம் வருது, கை வெறச்சிக்குது. நீங்க நல்லதுக்குத்தான் பண்றீங்க. ஆனா இனிமே அங்க என்னால நிறுத்த முடியாது. நிறுத்தனா வண்டி ஓட்ட முடியாது. வண்டிய வுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.” சொல்லி முடித்துவிட்டு உட்காரவும் இல்லை, இறங்கவும் இல்லை, அடி வாங்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

மாலையை வைத்திருந்த மலைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “நாங்க மட்டும் இன்னா, தைரியமாவா வர்றோம்? அந்த எடம் வந்தா நான் கண்ண மூடிக்கினு, நம்மூட்டு சாமி பேரெல்லாம் வரிசையா சொல்லிக்கினு கீறேன். பயம் இல்லன்னா நான் எதுக்குய்யா கல்லு நட்டேன்?” என்றார். ஒரு பெண், “நானு மாராப்ப வாயில வெச்சி கடிச்சிக்கினுதான் வர்றேன், பாரு, ஓட்டையா கீது” என்று காட்டினாள். நடுசீட்டிலிருந்த இன்னொருத்தி, “நானு எங்கூட்டுக்காரரு கைய புடிச்சிக்குவேன். அதுக்கோசரமே அவரு வாரா வாரம் சந்தைக்கு வர்றாரு” என்றாள். புருஷன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. இத்தனை நாளும் ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் பக்தியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். டிரைவரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த வளைவில் நிற்காமல் இறங்கினோம்.

கல்லை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை. மலைக்காரர் முறைப்படி கல்லின் தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்து உத்தரவு கேட்டார். வலதுபக்கப் பூ விழுந்தது, சாமிக்கும் சம்மதம். ஏறும் வண்டியில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். “சாமிய கெட்டியா புடிச்சிக்கய்யா, வளைவுல உருண்டுடப் போவுது” என்றார் டிரைவர். பஸ் கிளம்புகிற சமதரையில், ஒரு பலாமரத்தடியில் அதை நட்டார்கள். வண்டி எடுப்பதற்கு முன்னால் அங்கேயே சூடம். யார் கையில் தீப்பெட்டி இருக்கிறதோ அவர்கள் ஏற்றுவார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை கட்டமாட்டேன். அதற்கப்புறமும் அந்த வளைவு வரும்போது அவர் தோள் ஏறும், உதடு குவியும், நீளமாக ஊதும் சத்தம் எனக்குக் கேட்கும். சில நாள் கண்டக்டர் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார், பதில் வராது. பின்சீட்டுவரைக்கும் எல்லாருக்கும் விஷயம் தெரியும்; அந்த இடம் தாண்டும்வரை யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள், தாண்டியதும் ஒரு பெருமூச்சு மொத்தமாகக் கிளம்பும். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. எனக்குக் கண்ணமங்கலத்துக்கு மாற்றல் வந்தது. போவதற்குள் இந்த மனுஷன் பழையபடி ஆவாரா என்று எனக்குக் கவலையாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

மாற்றலுக்கு முந்தின வாரம், ஒரு சந்தை நாள். ஒருத்தர் இரண்டு சேவலைக் காலைக் கட்டி இன்ஜின் பக்கத்தில் போட்டுவிட்டு நின்றார். இறக்கம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அதில் ஒன்று டிரைவரின் கணுக்காலைக் கொத்தியது. “யோவ், யாருதுய்யா இது? சேவலா, கடிக்கிற நாயா?” என்று அவர் ஆரம்பித்தார். “அது ஒண்ணும் பண்ணாது டிரைவரே, சாதுவான சேவலு” என்றார் சேவல்காரர். “சாதுவா? என் கால புழுன்னு நெனச்சி கொத்துது, நீ சாதுன்றியே! நாளைக்கி ஒரு மாட்ட இட்டாந்து என் மடியில ஒக்கார வெச்சிட்டு, கொயந்தன்னு சொல்லுவியா?” என்று பிடித்து விளாசினார். கண் ரோட்டில், கை ஸ்டியரிங்கில், வாய் சேவல்காரர் மேல். சேவல்காரரும் விடவில்லை. அடியிலிருந்து லேசாக அந்த வாசனை வந்தது. எனக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். மண் சரிந்த இடம், பஸ் உரசி நின்ற பாறை, கல் இருந்த குழி, ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவர் தோள் இறங்கியே இருந்தது. சேவல் வளர்க்கும் முறை பற்றி அவர் பேசிக்கொண்டே வண்டியை ஒடித்துத் திருப்பி வளைவைத் தாண்டிவிட்டார். பதிலுக்கு வாயைத் திறந்த சேவல்காரர் சொல்லாமலே மூடிக்கொண்டார். பின்னால் ஒருத்தி மாராப்பை வாயிலிருந்து எடுத்தாள். பஸ்ஸில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. தடுப்பூசிப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “இன்னா, எல்லாரும் கம்முனு கீறீங்க?” என்றார். “நான் கேக்கறது நாயமா, இல்லியா?”